விழும் இடம்

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்
ஒரு கண்மாய் வரைந்திருக்கிறேன்.
கரை, மடை, மடைக்குக் கீழே எனக்குள்ள முக்கால் குறுக்கம்,
பக்கவாட்டில் ஏறும் செம்புறாங்கல் மேடு,
மேட்டில் நாற்பது எலுமிச்சை.
நாற்பது சின்ன வட்டம்.
வட்டம் போடக் குடம் தூக்க வேண்டாம்.

கரண்டு கேட்டு எட்டு வருஷம்.
புதுவயல் ஆபீஸில் என் மனு
எந்தக் கட்டில் எத்தனையாவது என்று
அங்குள்ள பல்லிக்குத்தான் தெரியும்.
டீசல் என்ஜின் வாடகைக்கு எடுத்த வருஷம்
கன்றுகள் எனக்குக் கடன்காரிகள் ஆயின.

ஆகவே இது.
எண்ணெய் கேட்காது, கம்பி கேட்காது.
இரண்டங்குல ஜி.ஐ. பைப்பில் தண்ணீர் ஓடி வரும்;
ஓட்டம் முற்றும்போது வால்வு படாரென்று சாத்தும்;
முட்டிய தண்ணீர் திரும்பவும் முடியாமல்
ஒரு மடக்கு மேலே ஏறிவிடும்.
வால்வு தானே கீழே விழும்.
மறுபடி ஓட்டம், மறுபடி முட்டல்,
நிமிடத்துக்கு ஐம்பது.

காற்றுக்குப் பழைய தீயணைப்பு உருளை போதும்.
உள்ளே அரைக்காற்றில் ஒரு சைக்கிள் டியூப் மடித்து வைக்கணும்,
இல்லாவிட்டால் காற்றைத் தண்ணீர் கரைத்துக் குடித்துவிடும்.
காரைக்குடி லேத்தில் சூசைராஜ்
"ஓடுமா?" என்று கேட்கவில்லை.
"பித்தளை எத்தனை நூல்?" என்றார்.
அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு அட்வான்ஸ் கொடுத்தேன்.

கார்த்திகையில் கண்மாய் முக்காலுக்கு ஏறியதும்
டியூப் லெவல் பிடித்தேன்.
நீர்மட்டத்திலிருந்து குழிக்கு நாலடி ஏழங்குலம்.
குழியிலிருந்து மேட்டுத் தொட்டிக்கு இருபத்து மூன்றடி.
நிமிடத்துக்கு நாற்பது லிட்டர் உள்ளே விட்டால்
நாலரை மேலே.
நாளைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு,
நான் கடையில் எல்போ எண்ணும்போதும்,
தூங்கும்போதும்.

மிச்சம் முப்பத்தைந்தரை?

பேனா அங்கேதான் நின்றது.
ஏறுகிற தண்ணீர் என் நிலத்தில் ஏறும்.
விழுகிற தண்ணீருக்குச் சாத்தையா வயலில்
நாற்பதடி வாய்க்கால் வேண்டும்.
இல்லையென்றால் குழி நிறைந்து, வால்வு மூழ்கி,
துடிப்பு அடங்கிவிடும்.
ஏறுவதற்கு யாரையும் கேட்க வேண்டாம்,
விழத்தான் அனுமதி வாங்கணும்.

சாத்தையா என் பெரியப்பா மகன்.
பேசி ஆறு வருஷம்.
ஒரு சாண் நகர்ந்த வரப்பு
தேவகோட்டைக் கோர்ட்டில் இன்னும் வாய்தாவில் கிடக்கிறது.
பைப் ரேட் தெரியும், வாஷர் ரேட் தெரியும்.
இந்த நாற்பதடிக்கு எந்த லிஸ்டிலும் ரேட் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன்.
களை பிடுங்கிய கையோடு நின்று கேட்டான்.
"ஒன்பதுல ஒண்ணு எனக்கு, எட்டு ஒன் வயலுக்கு," என்றேன்.
நெடுநேரம் வரப்பைப் பார்த்தான்.
"எட்டக் குடுத்துட்டு ஒண்ணத் தூக்கிட்டுப் போறவள
நான் பாத்ததில்ல வள்ளிக்கண்ணு.
இதுல கேஸு எங்க இருக்கு?"

கேஸு இல்லை என்றால் நம்ப மாட்டான்.
காகிதத்தைக் கொடுத்தேன்.
படிக்கவில்லை; மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
சாயங்காலம் சொந்த டேப்போடு வந்தான்.

டியூப்பின் ஒரு நுனி அவனிடம், மற்றது என்னிடம்.
நடுவில் சேற்றில் கிடந்த வளைவில்
ஒரு குமிழி சிக்கிக்கொண்டு
அவன் பக்கம் உயர்ந்தது, என் பக்கம் இறங்கியது.
"உதறு," என்றான். உதறினேன்.
"ஆட்டாத." ஆட்டவில்லை.
ஆறு வருஷத்தில் நாங்கள் பேசிய பேச்சு
பெரும்பாலும் அதுதான்.

நாலடி ஐந்து, என்றான்.
அவன் அளந்ததுதான் சரி.
நான் குழிவாயைத் தவறான குச்சியில் குறித்திருந்தேன்.
இரண்டங்குலம் போனதில்
நாளைக்குப் பதினைந்து குடம் குறைந்தது.

வாய்க்காலைப் பற்றி வாய் திறக்கவில்லை.
டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்:
"தையில அறுத்துக்கிறேன். நெல்லு நிக்கையில வெட்ட முடியாது."

தை முடிய அறுப்பு.
மாசி பாதியில் கண்மாய் மடைக்குக் கீழே போய்விடும்.
இந்த வருஷம் பம்பு துடிக்க
மிஞ்சினால் பதினைந்து நாள்.

ஏழை அடித்து ஐந்து எழுதினேன்.
சூசைராஜுக்குப் போன் போட்டு,
கடையுங்கள் என்றேன்.